யார் யாரோடு சாப்பிடுகிறார்கள்?

ஒரு அணி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மைதானத்துக்குப் போக வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தால் போதும். யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் சத்தமாகச் சிரிக்கிறார்கள், யார் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்... எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

கால்பந்துப் பயிற்சியாளர் கூஸ் ஹிடிங்க் இந்தப் பாடத்தைக் கற்றது சொந்த நாட்டில். அதுவும் அடிபட்டு!

1996-ம் ஆண்டு. இங்கிலாந்தில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி. நெதர்லாந்து அணிக்கு ஹிடிங்க்தான் கோச். வீரர்கள் மதிய உணவு சாப்பிடும் ஒரு புகைப்படம் அந்தச் சமயத்தில் பத்திரிகைகளில் வந்தது. கறுப்பின வீரர்கள் ஒரு மேசையில், வெள்ளையர்கள் வேறு மேசைகளில். தென் அமெரிக்காவில் இருக்கும் சுரிநாம், 1975 வரை நெதர்லாந்தின் காலனி. அங்கிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த அணியில் பலர் இருந்தார்கள். ஒரே கிளப்பில் ஆடியும் வெள்ளைக்கார சீனியர்களைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு என்ற மனக்குறை அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. கோச்சும் அந்த சீனியர்கள் பேச்சைத்தான் கேட்கிறார் என்று எட்கர் டேவிட்ஸ் வானொலியில் பச்சையாகவே சொல்லிவிட்டார். ஹிடிங்க் அவரைப் பெட்டி கட்டச் சொல்லி ஊருக்கு அனுப்பினார். இங்கிலாந்திடம் 4-1 என்று உதை. காலிறுதியில் பிரான்ஸிடம் பெனால்டியில் தோற்று மூட்டை கட்டியாயிற்று.

அந்தப் படம் இருப்பதைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது என்பவர்களும் உண்டு. பிடித்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது குற்றமா என்றும் கேட்கலாம். ஆனால், படம் வெளியே வரும்வரை அந்த மேசைகள் அப்படித்தான் கிடந்தன என்பதுதான் கோச்சுக்கான கேள்வி. திறமையான ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்வதோடு தன் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற கோச்சுக்கு அந்த மேசை கண்ணில் படாது.

இரண்டே வருடத்தில் 1998 உலகக் கோப்பை. ஹிடிங்க் அதே டேவிட்ஸை அணிக்குத் திரும்ப அழைத்திருந்தார். யூகோஸ்லாவியாவுக்கு எதிரான ஆட்டத்தில் கடைசி நிமிடம் தாண்டியதும் வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். நெதர்லாந்து அரையிறுதி வரை போனது. அந்தத் தொடரில் அவர்களிடம் 5-0 என்று நொறுங்கிய அணி ஒன்று உண்டு. அது தென்கொரியா. அந்தத் தோல்வியோடு கொரியர்கள் தங்கள் கோச்சைத் தொடர் முடிவதற்கு முன்பே நீக்கிவிட்டார்கள். பிறகு தங்களை அடித்து நொறுக்கியவரையே வேலைக்குக் கூப்பிட்டார்கள்!

கொரியர்களின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 2002 உலகக் கோப்பையை ஜப்பானோடு சேர்ந்து அவர்கள் நடத்தப் போகிறார்கள். போட்டியை நடத்தும் நாடு முதல் சுற்றிலேயே வெளியேறியதாக அதுவரை சரித்திரமே இல்லை. கொரியாவோ அதற்கு முன் 5 உலகக் கோப்பைகளில் 14 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. கல்யாண வீட்டுக்காரரே பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கப்போகிற நிலைமை.

2001 ஜனவரியில் பொறுப்பேற்ற ஹிடிங்க்கிடம் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: “எங்கள் பையன்கள் எவ்வளவு ஓடச் சொன்னாலும் ஓடுவார்கள். நுணுக்கம்தான் போதாது.” அவர் சில வாரங்கள் பார்த்துவிட்டு நேர்மாறாகச் சொன்னார். இரண்டு காலாலும் பந்தை நன்றாகத் தட்டுகிறார்கள், நுணுக்கத்தில் பெரிய குறை இல்லை, உலகத் தரத்துக்கு ஓடும் உடல் தெம்புதான் பற்றாக்குறை என்றார். ஒரு ஊருக்குப் புதிதாகப் போகிறவர் அந்த ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை மரியாதையாகக் கேட்க வேண்டும். ஆனால், அதையே முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவர் கவனித்த இன்னொரு விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. மைதானத்தில் சத்தமே இல்லை. கால்பந்தில் ‘பின்னால ஆள் வர்றான்’, ‘இங்கே தள்ளு’, ‘விடாதே’ என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். கொரிய வீரர்கள் அமைதியாக ஆடினார்கள். இளைஞன் ஒருவனிடம் பந்து வந்தால், நல்ல இடத்தில் நிற்கிற தன் வயதுக்காரனை விட்டுவிட்டு மூத்தவருக்குத் தட்டிவிடுவான். பொறுப்பு தீர்ந்தது. சாப்பாட்டு மேசையிலும் அதே கதைதான். சீனியர்கள் ஒரு பக்கம், ஜூனியர்கள் ஒரு பக்கம்.

இதன் காரணம் தமிழ் பேசுகிறவர்களுக்கு விளக்காமலே புரியும். கொரிய மொழியில் ஓர் ஆண், தன்னைவிட மூத்த ஆணைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. ‘ஹியோங்’ என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணன் என்று அர்த்தம். ஒரு வயது வித்தியாசம் இருந்தாலே வினைச்சொல்லின் வால் மாறிவிடும். நமக்கு ‘வா’, ‘வாங்க’ என்று இருப்பதுபோல அங்கே பல படிகள். புதிதாகச் சந்திக்கும் இரண்டு பேர் முதலில் வயதைக் கேட்டுக்கொள்வது வம்புக்காக இல்லை. வாயைத் திறந்தால் எந்தப் படியில் பேசுவது என்று தெரிய வேண்டுமே! (பிறந்த குழந்தைக்கே ஒரு வயது என்று கணக்கு வைத்து, ஜனவரி 1 அன்று எல்லோருக்கும் ஒரு வயது ஏற்றும் வழக்கம் இருந்த நாடு அது. 2023 ஜூனில்தான் சட்டம் போட்டு அரசாங்கக் கணக்கை உலக வழக்கத்துக்கு மாற்றினார்கள்.)

“அண்ணா, கொஞ்சம் இடது பக்கம் பார்த்துத் தட்டுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரணிக்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு போய்விடுவான். நேரம் மட்டும்தான் பிரச்னையா? அண்ணனிடம் “இங்கே தட்டு” என்று சொல்லத் துணிவதே பெரிய காரியம். அண்ணன் தப்பு செய்தால் “தப்பு” என்று கத்துவது அதைவிடப் பெரிய காரியம்.

ஹிடிங்க் விதி போட்டார். மைதானத்துக்குள் அண்ணன் கிடையாது, எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சாப்பாட்டில் வயது பார்த்து உட்காரக் கூடாது, கலந்து உட்கார வேண்டும்.

அணித்தலைவர் ஹோங் மியங்-போ 1969-ல் பிறந்தவர். 2002 அவருக்கு நான்காவது உலகக் கோப்பை. கொரியாவில் அவர் பெயரைச் சும்மா உச்சரிக்கக்கூட இளம் வீரர்கள் தயங்குவார்கள். விதி வந்ததும் எல்லோருக்கும் தொண்டையில் முள். அப்போது அவரைவிட எட்டு வயது இளைய கிம் நாம்-இல், “மியங்போ-யா, சாப்பிடலாம் வா” என்று கூப்பிட்டாராம். அந்த ‘யா’ நம் ‘டா’வுக்குச் சமம். அதாவது, “மியங்போ, சாப்பிட வாடா!” கொரியாவில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை இது. அந்தச் சிரிப்போடு பூட்டு திறந்தது என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஹிடிங்க் எதைத் தொடவில்லை என்பதை. ‘உங்கள் பண்பாடு பழசு, எங்கள் டச்சுப் பழக்கம்தான் நவீனம்’ என்று அவர் வகுப்பு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதற்குத் தகுதியும் கிடையாது. பயமில்லாமல் வாய் திறந்து பேசும் டச்சு அணி எப்படிச் சிதறும் என்பதை 1996-ல் அவர் கண்ணாலேயே பார்த்தவர். மூத்தவர் சொன்னால் கேட்கும் கொரியக் குணம் அவருக்குப் பயன்படவும் செய்தது. டச்சு வீரர்கள் ஆயிரம் கேள்வி கேட்கும் கடுமையான உடற்பயிற்சியைக் கொரியர்கள் முணுமுணுக்காமல் செய்தார்கள். வரப்போரத்தில் நிற்கும் மரத்தை வெட்டவில்லை, பயிருக்கு நிழல் கட்டிய கிளையை மட்டும் கழித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். மைதானத்துக்கு வெளியே அண்ணன் அண்ணனாகவே இருந்தார்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 2001 மே மாதம் பிரான்ஸிடம் 5-0 தோல்வி. ஆகஸ்டில் செக் குடியரசிடம் மறுபடி 5-0. ‘ஐந்துக்கு பூஜ்ஜியம்’ என்பதையே கொரியப் பத்திரிகைகள் அவருக்குப் பட்டப்பெயராக வைத்தன. அவர் அசரவில்லை. பெரிய அணிகளோடு மோதி அடி வாங்குவதுதான் பயிற்சி என்று நின்றார்.

பார்க் ஜி-சுங் என்ற கூச்ச சுபாவமுள்ள பையன் அப்போது அணியில் இருந்தான். 2002 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு தொடரில் காயம்பட்டு, உடை மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது ஹிடிங்க் மொழிபெயர்ப்பாளரோடு வந்து, “உன் மனவலிமை அபாரமானது, நீ பெரிய ஆட்டக்காரனாக வருவாய்” என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதாகப் பார்க் பின்னாளில் எழுதியிருக்கிறார். திட்டும் அடியும் சகஜமாக இருந்த பயிற்சி முறையில் வளர்ந்த பையனுக்கு, எல்லோர் முன்னாலும் அல்லாமல் தனியாக வந்து சொன்ன பாராட்டு. அதை அவன் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறான்.

2002 ஜூன் 4. பூசான் நகரில் போலந்துக்கு எதிராக 33 வயது ஹ்வாங் சன்-ஹோங் முதல் கோல் அடித்தார். 2-0. கொரியாவின் முதல் உலகக் கோப்பை வெற்றி! அமெரிக்காவோடு சமன். போர்ச்சுகலுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தது பார்க் ஜி-சுங். விரலை உதட்டில் வைத்தபடி ஓடிவந்து கோச் மேல் தாவிக் கட்டிக்கொண்ட காட்சியைக் கொரியர்கள் மறக்க மாட்டார்கள். பிறகு இத்தாலி, பிறகு ஸ்பெயின். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-0 என்று தோற்று நான்காம் இடம்.

எல்லாமே ‘அண்ணன்’ என்ற சொல்லை எடுத்ததால் நடந்தது என்று நம்பினால் அது சினிமாக் கதை. சொந்த மண், செந்நிற உடையில் கடலாகத் திரண்ட ரசிகர்கள், கிளப்புகள் வீரர்களை மாதக்கணக்கில் முகாமுக்கு விட்டுக்கொடுத்தது எல்லாம் சேர்ந்த கணக்கு. இத்தாலி, ஸ்பெயின் ஆட்டங்களில் நடுவர்கள் தந்த முடிவுகளைப் பற்றி அந்த நாடுகளில் இன்றும் பொருமுகிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் கொரியாவில் அலுவலகங்கள் வரை அந்த அண்ணன் கதை போய்ச் சேர்ந்தது. ஹிடிங்க்கைப் பற்றி மேலாண்மைப் புத்தகங்கள் வந்தன. அந்நாட்டின் காகாவ் நிறுவனத்தில் ஊழியர்கள் ஒருவரை ஒருவர் ஆங்கிலப் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பதவியும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம் என்று.

இதே போன்ற ஒன்றைக் கவனித்த இன்னொரு கோச்சை நமக்கு நன்றாகத் தெரியும். 2005 முதல் 2007 வரை இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த கிரெக் சேப்பல். ‘இந்தியாவில் சின்ன வயதிலிருந்தே பெற்றோரும் ஆசிரியரும் பயிற்சியாளரும்தான் முடிவெடுக்கிறார்கள். தலையை நிமிர்த்தினால் அடி விழும் என்று குனிந்தே இருக்கப் பழகுகிறார்கள். அதனால் தலைவர்கள் உருவாவதில்லை’ என்ற பொருளில் 2012-ல் அவர் பேசினார். இங்கே பெரிய கொந்தளிப்பு. நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹிடிங்க் கண்டதை வைத்து ஒரு விதி செய்தார். சேப்பல் கண்டதை வைத்து ஒரு தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்பும் நிற்கவில்லை. 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு திரும்பி, சேப்பல் விலகிய சில மாதங்களில், அதே வருடம் செப்டம்பரில் அதே ஓய்வறையிலிருந்து ராஞ்சிக்காரர் ஒருவர் தலைவராகி 20 ஓவர் உலகக் கோப்பையைத் தூக்கினார். தலைவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்!

ஹிடிங்க்குக்கு 2002-ல் உதவியாக இருந்த கொரியர் பார்க் ஹாங்-சியோ. 2017-ல் அவர் வியட்நாமுக்குப் பயிற்சியாளராகப் போனார். இப்போது வெளிநாட்டுக்காரர் அவர். வியட்நாமிய மொழியில் ‘நான்’, ‘நீ’ என்பதற்குப் பதில் பெரும்பாலும் அண்ணன், தம்பி, சித்தப்பா என்று உறவுமுறை வைத்துத்தான் பேசுவார்கள். ஹிடிங்க் போட்ட விதியை அப்படியே அங்கே கொண்டுபோயிருந்தால், பேசவே வார்த்தை இல்லாமல் போயிருக்கும். பார்க் அதைச் செய்யவில்லை. மொழி தெரியாத குறையைக் கையால் தீர்த்தார். தோளில் தட்டுவார், கட்டிக்கொள்வார். 2018-ல் ஒரு வீரரின் பாதத்தை அவரே பிடித்துவிடும் வீடியோவை வீரர்கள் வெளியிட, நாடே உருகியது. ‘தாய் பார்க்’ என்றே கூப்பிட்டார்கள். ‘தாய்’ என்றால் அந்த மொழியில் வாத்தியார். பத்து வருடம் கழித்துத் தென்கிழக்கு ஆசியக் கோப்பை கிடைத்தது. 2019-ல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் 1959-க்குப் பிறகு கால்பந்துத் தங்கமும் கிடைத்தது.

கொரியாவின் கதை அங்கே முடியவில்லை. 2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் யூர்கன் கிளின்ஸ்மேன் அந்த அணிக்குப் பயிற்சியாளரானார். உலகமே அறிந்த ஆட்டக்காரர். ஆனால், கொரியாவில் இருந்த நாள்களைவிட அமெரிக்காவில் தன் வீட்டில் இருந்த நாள்கள் அதிகம் என்று ரசிகர்கள் எரிச்சலானார்கள். ஊரில் இல்லாத ஒருவர் யாருடைய மேசையைப் பார்ப்பார்?

2024 பிப்ரவரி, கத்தாரில் ஆசியக் கோப்பை. ஜோர்டானுக்கு எதிரான அரையிறுதிக்கு முந்தின இரவு. இளம் வீரர்கள் சிலர் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு டேபிள் டென்னிஸ் ஆடக் கிளம்பினார்கள். எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நேரம் இது, திரும்பி வாருங்கள் என்றார் அணித்தலைவர் சன் ஹியூங்-மின். வாக்குவாதம், கைகலப்பு. அணித்தலைவரின் விரல் மூட்டு விலகியது. மறுநாள் விரலில் கட்டோடு ஆடினார். 2-0 என்று தோல்வி.

மோதியவர்களில் ஒருவர் லீ காங்-இன். சன்னைவிட எட்டரை வயது இளையவர். பத்து வயதிலேயே ஸ்பெயினுக்குப் போய் அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர். சாப்பிட்டு முடித்தால் எழுந்து போவது அவர் வளர்ந்த இடத்தில் சாதாரணம். அணித்தலைவர் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போவது கொரியாவில் வேறு அர்த்தம். ஒரே ரத்தம், ஒரே சட்டை, ஆனால் இரண்டு வளர்ப்பு. இதைப் பார்க்கத்தான் கோச் தேவைப்படுகிறார். கிளின்ஸ்மேனோ தோல்விக்கு வீரர்களின் சண்டையைக் காரணம் காட்டினார். பிப்ரவரி 16 அன்று வேலை போனது. ‘கொரியப் பண்பாட்டில் மூத்தவர் தவறாக இருந்தாலும் அவர் சொல்வதுதான் சரி’ என்று பிறகு ஒரு தொலைக்காட்சியில் சொன்னார். மறுபடியும் ஒரு தீர்ப்பு!

கொரிய ரசிகர்கள் லீ மேல் பாய்ந்தார்கள். அவர் லண்டனுக்கு விமானம் ஏறிப்போய் சன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். சன் இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தைப் போட்டு, தம்பியை மன்னித்துவிடுங்கள், அன்று தன் நடத்தையும் சரியில்லைதான் என்று எழுதினார்.

மார்ச்சில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்கள் வந்தன. தற்காலிகக் கோச்சாகப் பொறுப்பேற்றவர் ஹ்வாங் சன்-ஹோங். 2002-ல் போலந்துக்கு எதிராக முதல் கோல் அடித்த அதே ஹ்வாங். லீயை எடுக்கக் கூடாது என்று எதிர்ப்பு பலமாக இருந்தது. இது அந்த இரண்டு பேரின் பிரச்னை மட்டுமில்லை, அணியில் இருக்கும் எல்லோருடைய பிரச்னையும்தான் என்று சொல்லி, இருவரையும் அணியில் சேர்த்தார்.

மார்ச் 26, பாங்காக். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 54-வது நிமிடம். லீ காங்-இன் பந்தைத் தள்ளிவிட்டார், சன் வலைக்குள் அடித்தார். கோல் விழுந்ததும் தம்பி ஓடிவர, அண்ணன் அவரை இறுகக் கட்டிக்கொண்டார்.